கிடைத்தது என்னும் ஒரு சொல்

வானொலி நிலையத்தில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசுபவர், தம் சொல் எத்தனை வீடுகளை எட்டியது என்பதை அப்பொழுதே அறியமாட்டார். இடிமின்னலின் கரகரப்பில் ஒரு வசனம் அழிந்து போனாலும், கேட்பவர் முன்னும் பின்னும் வந்த சொற்களைக் கொண்டு பொருளை ஊகித்து நிரப்பிக்கொள்வார். மனிதனின் செவிக்கும் அறிவுக்கும் அந்த ஆற்றல் உண்டு. ஆனால், பேசுவதும் கேட்பதும் இரண்டு சிறு இயந்திரங்களாக இருந்தால் நிலைமை என்ன?

எடுத்துக்காட்டாக, ஒரு குளத்தின் அணைக்கட்டிலே நீர்மட்டத்தை அளக்கும் கருவியொன்று பொருத்தப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சிறிது தொலைவில் காவலரின் அறை. கருவி தான் அளந்த எண்ணைக் கம்பியின்றி வானொலி அலையிலே அனுப்புகின்றது. நீர்மட்டம் 12 அடி என்று அனுப்பிய செய்தி வழியிலே சிதைந்து 72 என்று வந்து சேர்ந்தால், வாங்கும் இயந்திரம் அதை ஐயுறாது. செய்தி வந்தே சேராவிட்டால், அனுப்பிய இயந்திரம் அதை அறியாது. அந்த எண்ணை நம்பி வான்கதவைத் திறப்பதா, மூடுவதா என்று முடிவு செய்யவேண்டியிருக்கும்பொழுது இது சிறு குறையன்று. கீழே வயலும் வீடும் இருக்கின்றன.

இந்தக் குறையை நீக்கும் முறையொன்று உண்டு. குரலை உரக்க எழுப்புவது அம்முறையன்று. செய்தியைச் சிறு பொதியாகக் கட்டி, மேலே முகவரி எழுதி, உள்ளே கணக்குச் சீட்டொன்றை வைத்து, கிடைத்தது என்ற பதில் வரும்வரை மீண்டும் அனுப்புவதே அது. இன்று சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும் நுண்கட்டுப்படுத்தியும், தீப்பெட்டியினும் சிறிய வானொலிக் கூறும் சேர்ந்து இந்த வேலையைச் செய்துவிடுகின்றன. நுண்கட்டுப்படுத்தி என்பது கணிக்கும் பகுதி, நினைவகம், வெளியுலகோடு இணைக்கும் கால்கள் ஆகிய யாவும் ஒரே சில்லினுள் அடங்கிய கணினியாகும். மாணவர் பலர் கையாளும் ஆர்டுயினோ பலகையிலுள்ள ஒரு சில்லில், வேலை நேரத்துக்கான நினைவகம் 2,048 பைட் மட்டுமே. இவ்வளவு சிறிய மூளைக்கு இவ்வளவு பொறுப்பான வேலை எப்படி இயலுகின்றது என்பதை விளங்கிக்கொள்வதற்கு, அரை நூற்றாண்டுக்கு முன் பசிபிக் மாகடலின் நடுவே நடந்த ஒரு முயற்சியை முதலில் அறிதல் வேண்டும்.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி ஒஆகு என்னும் தீவிலே இருந்தது. பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்லூரிகளோ வெவ்வேறு தீவுகளில் இருந்தன. தொலைபேசிக் கம்பிகளின் வழியே அக்கணினியைப் பயன்படுத்துவது செலவு மிகுந்தது; கம்பிகளின் தரமும் நம்பத்தக்கதாக இல்லை. எனவே நோர்மன் ஏப்ரம்சன் என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் கம்பிக்குப் பதிலாக வானொலியை நாடினர். அவர்கள் அமைத்த வலையமைப்பு 1971ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இயங்கத் தொடங்கியது. ஹவாய் மக்களின் வாழ்த்துச் சொல்லாகிய அலோஹா என்பதே அதன் பெயராயிற்று.

அவர்கள் எதிர்கொண்ட வினா எளியது போலத் தோன்றும். எல்லாரும் ஒரே மீடிறனிலே பேச வேண்டும். ஒருவர் பேசும்பொழுது மற்றொருவரும் பேசினால் இரண்டு செய்திகளும் மோதிச் சிதைந்துவிடும். அப்படியாயின் யார் எப்பொழுது பேசுவது? ஒவ்வொருவருக்கும் முறைவைத்து நேரம் ஒதுக்கலாம். ஆனால், விசைப்பலகையின் முன் அமர்ந்தவர் பெரும்பொழுது சிந்தித்துக்கொண்டிருப்பார். சில நொடிகளே எழுதுவார். ஒதுக்கிய நேரத்திற் பெரும்பகுதி வீணாகிவிடும்.

ஏப்ரம்சன் கண்ட விடை துணிச்சலானது. எவரையும் கேட்க வேண்டாம். செய்தி ஆயத்தமானவுடன் அனுப்பிவிடலாம். ஒரு பொதியிலே 80 எழுத்துகள் வரை அடங்கும். முகவரியையும் சரிபார்ப்பு எண்களையும் சேர்த்து மொத்தம் 704 பிட்டுகள். மையக் கணினி அதைப் பழுதின்றிப் பெற்றுக்கொண்டால், வேறொரு மீடிறனிலே, கிடைத்தது என்ற பதிலை அனுப்பும். குறித்த நேரத்துள் அப்பதில் வரவில்லையாயின், பொதி வழியிலே மோதுண்டது என்று அனுப்பியவர் கருவி முடிவு செய்து, சிறிது பொறுத்து மீண்டும் அனுப்பும். எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதிலேதான் நுட்பம் இருக்கின்றது. மோதிய இருவரும் ஒரே அளவு நேரம் பொறுத்தால் மறுபடியும் மோதுவர். ஆகையால் ஒவ்வொரு கருவியும் சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் ஒழுங்கற்ற ஓர் எண்ணைத் தெரிந்து, அவ்வளவு நேரம் காத்திருந்தது.

இம்முறைக்கு ஒரு விலையும் உண்டு. கணக்கிட்டுப் பார்த்தபொழுது, மிகச் சிறந்த நிலையிலும் அலைவரிசையின் நேரத்தில் ஏறத்தாழ 18 வீதமே பழுதற்ற பொதிகளைச் சுமக்கும் என்று தெரியவந்தது. பொதி அனுப்பத் தொடங்கும் கணங்களை மட்டும் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தால் அதனை இரட்டிப்பாக்கலாம் என்று லோரன்ஸ் ரொபேட்ஸ் 1972இல் காட்டினார். மிகுதி வீணே போயினும், எவரும் எவரையும் நிருவகிக்க வேண்டாத அந்த எளிமை பெரிதும் மதிக்கப்பட்டது. றொபேட் மெற்காஃப் என்பவர் 1973இல் ஈதர்நெட் என்னும் கணினி இணைப்பு முறையை வகுத்தபொழுது, அவருக்குத் தூண்டுகோலாயிருந்தவற்றுள் அலோஹாவும் ஒன்று. இன்றைய கைப்பேசி தன் நிலையத்தை முதன்முதலாக அழைக்கும் முறையிலும் அக்கருத்தின் சாயல் உண்டு.

வந்த பொதி பழுதற்றது என்பதை இயந்திரம் எவ்வாறு அறிகின்றது? இதற்கும் ஹவாயோடு ஒரு தொடர்பு இருக்கின்றது. 1964 முதல் அப்பல்கலைக்கழகத்திலே கற்பித்த வெஸ்லி பீற்றர்சன் என்னும் அறிஞர், அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1961இல், இதற்குரிய சரிபார்ப்பு முறையை வகுத்திருந்தார். அதனைப் பாடசாலைக் கணக்கைக் கொண்டே விளக்கலாம். அனுப்ப வேண்டிய எண் 7,431 என்க. அதனை 97ஆல் வகுத்தால் மிச்சம் 59. அனுப்புபவர் 7,431ஐயும் 59ஐயும் சேர்த்து அனுப்புகின்றார். வழியில் ஓர் இலக்கம் மாறி 7,481 என்று வந்தால், வாங்குபவர் அதனையும் 97ஆல் வகுத்துப் பார்ப்பார். மிச்சம் 12 என்று வரும். உடன் வந்த சீட்டிலோ 59 என்று இருக்கின்றது. ஆகவே பொதி பழுதுற்றது, அது வீசப்படும். இயந்திரங்கள் செய்யும் வகுத்தல் சற்று வேறு வகையினது எனினும் கருத்து இதுவே. 16 பிட் அளவான மிச்சத்தை உடன் அனுப்பினால், தனியொரு பிட்டில் நேரும் எந்தப் பிழையும், அடுத்தடுத்து 16 பிட்டுகளுக்கு மேற்படாமல் நேரும் எந்தச் சிதைவும் தப்பிச் செல்ல இயலாது.

இனி, இன்று மாணவர் மேசைகளில் மிகுதியாகக் காணப்படும் ஒரு வானொலிக் கூறை எடுத்துக்கொள்ளலாம். நோர்வே நாட்டின் நோர்டிக் செமிகண்டக்டர் நிறுவனம் ஆக்கிய என்ஆர்எஃப்24எல்01 பிளஸ் என்னும் சில்லை அடிப்படையாகக் கொண்டது அது. 2,400 மெகாஹேர்ட்ஸ் முதல் 2,525 வரை, 126 அலைவரிசைகளுள் ஒன்றிலே அது பேசும். அதன் செலுத்தும் வலு ஏறத்தாழ ஒரு மில்லிவாட்டு. மின்சூள் குமிழொன்று எரிவதற்கு வேண்டிய வலுவில் மிகச் சிறு பங்கு.

அது அனுப்பும் பொதியின் முதலிலே, கேட்பவரை விழிக்கச் செய்யும் ஒரு பைட். அடுத்து 3 முதல் 5 பைட் கொண்ட முகவரி. அதன் பின் பொதியின் நீளத்தையும் வரிசைக் குறியையும் சொல்லும் 9 பிட்டுகள். பிறகுதான் செய்தி, அது 32 பைட்டுக்கு மேற்படலாகாது. இறுதியில் வகுத்தல் மிச்சமாகிய சரிபார்ப்பு எண். ஒரு வினாடிக்குப் பத்து இலட்சம் பிட் என்ற வேகத்திலே அனுப்பினால், நிரம்பிய பொதியொன்று வான்வெளியில் இருக்கும் நேரம் ஒரு வினாடியின் மூவாயிரத்தில் ஒரு பங்கு அளவே. அனுப்பி முடித்த கணமே அக்கருவி செலுத்தி என்ற நிலையை விட்டு வாங்கியாக மாறிப் பதிலுக்குச் செவிசாய்க்கும். பதில் வராவிட்டால் தானாகவே 15 முறை வரை மறுபடி அனுப்பும். ஒவ்வொரு முறைக்கும் இடையே எவ்வளவு பொறுப்பது என்பதை முன்கூட்டியே அமைத்துவைக்கலாம். அருகருகே பல கருவிகள் இருப்பின் அவற்றுக்கு வெவ்வேறு காத்திருப்பு நேரம் கொடுப்பது நன்று. ஹவாயிலே கற்ற பாடமும் அதுவே.

இவ்வாறு பேச விரும்பும் இரு கருவிகளும் முன்னரே சில உடன்படிக்கைகளைச் செய்திருத்தல் வேண்டும். அலைவரிசை ஒன்றாயிருத்தல் வேண்டும். வேகம் ஒன்றாயிருத்தல் வேண்டும். முகவரியும் அதன் நீளமும், சரிபார்ப்பு எண்ணின் நீளமும் ஒன்றாயிருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் இரு கருவிகளும் ஒரே மேசையில் இருந்துகொண்டே ஒன்றையொன்று அறியமாட்டா. எல்லாம் சரியாயிருந்தும் செய்தி போகவில்லையெனில், முதலிலே ஐயுற வேண்டியது மின்வழங்கலை. இச்சில்லுக்கு 3.6 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் கொடுக்கலாகாது. அனுப்பும் கணத்தில் மின்னழுத்தம் தளும்பினாலும் அது தடுமாறும். கூறின் அருகிலேயே ஒரு சிறிய கொள்ளளவியை இணைத்தவுடன் ஊமையாயிருந்த கருவி பேசத் தொடங்குவதைப் பலர் கண்டிருக்கின்றனர்.

இனி ஒரு நுண்ணிய பிழை. வெப்பநிலை 28.75 பாகை என்று கொண்டால், தசமப் புள்ளியை நீக்கி 2,875 என்ற முழு எண்ணாக அனுப்புவது வழக்கம். அதற்கு இரண்டு பைட்டுகள் வேண்டும். 256ஐ 11ஆல் பெருக்கி 59ஐக் கூட்டினால் 2,875 கிடைக்கும். ஆகவே பொதியிலே 11, 59 என்ற இரு எண்கள் செல்கின்றன. வாங்கும் பக்கத்து நிரல் அவற்றை முன்பின்னாக மாற்றி 59, 11 என்று வாசித்தால், 15,115 என்ற எண் பிறக்கும். காவலரின் திரையிலே 151.15 பாகை என்று தோன்றும். முகவரி சரி, சரிபார்ப்பு எண் சரி, பதிலும் அனுப்பப்பட்டது. ஆயினும் செய்தி பொய். பொதி பழுதின்றிச் சேர்ந்தது என்பதற்கு மட்டுமே வானொலிக் கூறு சாட்சி சொல்லும். அதன் பொருளை இருவரும் ஒரே விதமாகக் கொள்கின்றனரா என்பது, நிரல் எழுதுபவர் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பாகும்.

கிடைத்தது என்னும் பதிலுக்கும் ஒரு வழித்துன்பம் உண்டு. அதுவும் காற்றிலேதான் வரவேண்டும். வழியிலே அழிந்தும் போகலாம். இப்பொழுது மறுபடியும் அந்தக் குளத்தைக் கருதலாம். காவலர் அறையிலிருந்து, வான்கதவை ஓர் அடி உயர்த்து என்ற கட்டளை செல்கின்றது. அணைக்கட்டிலுள்ள கருவி கட்டளையைப் பெற்று, பதிலை அனுப்பி, கதவை ஓர் அடி உயர்த்திவிட்டது. ஆனால் பதில் மட்டும் வந்து சேரவில்லை. கட்டளை போகவில்லை என்று எண்ணிய காவலறைக் கருவி அதே கட்டளையை மீண்டும் அனுப்புகின்றது. கதவு இன்னும் ஓர் அடி உயர்கின்றது. யாரும் பிழை செய்யவில்லை. ஆயினும் வேண்டிய அளவிலும் இருமடங்காகக் கதவு திறந்துவிட்டது.

பொதியின் வரிசைக் குறி இருப்பது இதனைத் தடுப்பதற்கே. முன்பு வந்த அதே குறியோடு அதே பொதி வந்தால், அது பழைய செய்தியின் மறுபடி என்று உணர்ந்து, பதிலை மட்டும் அனுப்பிவிட்டுப் பொதியைத் தள்ளிவிடும். ஆனால் அச்சில்லிலே வரிசைக் குறிக்கு இரண்டு பிட்டுகளே உள. நான்கு குறிகள் மாறிமாறி வரும். கூறு தன் 15 முயற்சிகளும் பயனற்றுப் போயின என்று கைவிட்டபின், நிரல் அதே கட்டளையைப் புதிய பொதியாக மறுபடி அனுப்பினால், புதிய குறியோடு அது சென்று ஏற்கப்படும். ஆகவே பொறுப்பான கட்டளைகளுக்கு நிரலே தனியொரு தொடர் எண் இடுதல் வேண்டும். அதனினும் நல்ல காப்பு, கட்டளையின் சொற்களை மாற்றுவது. ஓர் அடி உயர்த்து என்பதற்குப் பதிலாக, கதவை மூன்றடி உயரத்தில் நிறுத்து என்று அனுப்பினால், அது ஒரு முறை சென்றாலும் ஐந்து முறை சென்றாலும் கதவு மூன்றடியிலேயே நிற்கும். கட்டளை கிடைத்தது என்ற பதிலோடு அமையாமல், கதவு இப்பொழுது எந்த உயரத்தில் நிற்கின்றது என்பதையும் அளந்து அனுப்பச் செய்தால், காவலர் ஐயமின்றி இருக்கலாம்.

அவ்வாறாயின், எல்லாச் செய்திகளுக்கும் பதில் கேட்டேயாக வேண்டுமா? அமெரிக்காவின் மேயின் மாநிலக் கரைக்கு அப்பால் கிரேற் டக் என்னும் சிறு தீவிலே நடந்த ஆராய்ச்சி இதற்கு வேறொரு விடை தருகின்றது. அங்கே லீச் என்பவரின் பெயரால் வழங்கும் புயற்பறவை நிலத்தில் வளை தோண்டி ஒரேயொரு முட்டை இடும். அடைகாக்கும் முதல் இரு வாரங்களில் மனிதர் சென்று தொந்தரவு செய்தால், பறவை வளையைக் கைவிட்டுப் போய்விடும். அதன் வாழ்க்கையை அறிய விரும்பியவர்களின் ஆர்வமே அதன் குஞ்சுக்குக் கேடாகும் நிலை. எனவே 2002ஆம் ஆண்டுக் கோடையிலே, பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தினரும் இன்டெல் ஆராய்ச்சிக்கூடத்தினரும் அத்திலாந்திக் கல்லூரியினரோடு சேர்ந்து, நுண்கட்டுப்படுத்தியும் வானொலியும் உணரிகளும் அடங்கிய சிறு கருவிகளை வளைகளின் உள்ளும் புறமும் வைத்தனர். ஒவ்வொன்றுக்கும் பென்டோர்ச்சுக்கு இடுவன போன்ற சிறு பற்றரிகள் இரண்டே உணவு. அவை வெப்பநிலையையும் ஈரப்பதனையும் பிறவற்றையும் 70 வினாடிக்கு ஒருமுறை அளந்து பொதியாக அனுப்பின. செயற்கைக்கோள் வழியே அவை ஆராய்ச்சிக்கூடத்தை அடைந்தன.

அக்கருவிகள் பதிலை எதிர்பார்க்கவில்லை. அனுப்பிவிட்டு உடனே உறங்கின. காரணம் யாதெனில், பதிலுக்காகச் செவிசாய்த்திருப்பதற்கும் மின்சாரம் வேண்டும்; பற்றரி தீர்ந்தால் அதை மாற்ற மனிதர் வளையண்டை செல்ல வேண்டும். ஓர் அளவு வழியில் அழிந்தாலும், 70 வினாடியில் அடுத்தது வந்துவிடும். வளையின் வெப்பநிலை அதற்குள் பெரிதும் மாறிவிடப் போவதில்லை. சில கருவிகளுள் நீர் புகுந்து அவை கெட்டன. பொதிகள் பல வழியிலே தவறின. ஆயினும் ஏறத்தாழ நான்கு மாதத்தில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட அளவுகள் சேர்ந்தன.

ஆகவே, பதில் கேட்பதா, விடுவதா என்பது கருவியின் தரத்தைப் பொறுத்த வினாவன்று. இழப்பின் தன்மையைப் பொறுத்தது. அடுத்து வரும் செய்தி முன்னதன் குறையை நிரப்புமாயின், அனுப்பிவிட்டு உறங்கலாம். வெள்ள எச்சரிக்கையைப் போல ஒரே முறை சொல்லப்பட்டு, ஒரே முறையிலே கேட்கப்பட்டாக வேண்டிய செய்தியாயின், பதில் வரும்வரை ஓயலாகாது. பதில் வராவிடில் அந்த மௌனத்தையே ஆபத்தின் அறிகுறியாகக் கொண்டு மணியடிக்க வேண்டும். வழக்கமாக வரும் பொதி வராமற் போனால் அதனைக் காட்டும் ஏற்பாடு இல்லாத காவலறையில், கருவி செத்துக் கிடப்பதும் நீர்மட்டம் அமைதியாயிருப்பதும் ஒன்றுபோலவே தோன்றும்.

சிறு கருவிகளின் குரல் மெலியது. காற்றோ பலருக்கும் பொதுவானது. அதே மீடிறன்களில் வீட்டு வைஃபையும் நுண்ணலை அடுப்பும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவே, ஒரு மில்லிவாட்டு வலுவோடு ஒரு செய்தி பழுதின்றிச் சேருவதற்குக் காரணம் அளவான பொதியும், சரியான முகவரியும், நேர்மையான கணக்கும், மோதினால் பொறுத்துப் பேசும் பண்புமே. கிடைத்தது என்ற ஒரு சொல் திரும்பி வந்தபின்னரே, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டதாக அக்கருவி கொள்ளும்.